லியர் அரசன் நாடகத்தை உங்கள் ஊருக்கு அழைக்கிறீர்களா? அசல் முடிவையே கேட்டு வாங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை ஆடல் பாடல் வேண்டாம், முழு நாடகம் ஒன்று போடலாம் என்று முடிவாகி ஒரு நாடகக் குழுவை அழைத்திருந்தோம். கோயில் மண்டபம், சமூக மண்டபம், பள்ளித் திடல் என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைத் தமிழில் நடித்துக் கொடுக்கிறார்கள். வயதான லியர் அரசன் நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தானே மழையில் நிற்கும் கதை. நடந்து முடிந்ததிலிருந்து பக்கத்து ஊர் மன்றங்களிலிருந்து ஒரே விசாரிப்பு: எப்படி இருந்தது, கூப்பிடலாமா, நம்ம சனங்களுக்குப் புரியுமா? ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

கூப்பிடுங்கள். புரியும். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். அவர்களிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன, லியரும் கடைசி மகளும் சாகும் அசல் முடிவு ஒன்று, அவர்கள் பிழைத்துக்கொள்ளும் மங்கல முடிவு ஒன்று. நீங்கள் கேட்பதைப் போடுவார்கள். அசல் முடிவையே கேளுங்கள். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் காசு விவரம். நடிப்பு, ஒளி, ஒலி, உடை, வேன் எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். பாதி முன்பணம், மீதி நாடகம் முடிந்த இரவே. தூரத்து ஊர் என்றால் வேன் செலவு கூடும். நாம் கொடுக்க வேண்டியது 24 அடி அகலத்துக்குக் குறையாத மேடை, உடை மாற்ற இரண்டு அறை, இரவுச் சாப்பாடு. எட்டு நடிகர்கள், ஒளி ஒலிக்கு மூன்று பேர். மதியமே வந்து இறங்கி விளக்குகளைக் கட்டி ஆறு மணிக்குள் தயாராகிவிட்டார்கள், யாரையும் விரட்டி வேலை வாங்க வேண்டியிருக்கவில்லை, போகும்போது மேடையைக் கூட்டியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேடையில் அரண்மனைத் திரை, சிம்மாசனம் எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, துணியில் வரைந்த ஒரு பெரிய வரைபடம், அவ்வளவுதான். இதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடையிலும் காட்சித் திரைகள் கிடையாது, இடம், பொழுது, மழை எல்லாவற்றையும் நடிகர்கள் வாயால்தான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த நாடகம் பூப்பந்துக் கோடு போட்ட எங்கள் மண்டபத்திலும் நிற்கிறது.

முன்பணம் கொடுக்கும்போதுதான் குழுத் தலைவர் கேட்டார், "அசல் முடிவா சார், மங்கல முடிவா?" விலை ஒன்றுதான், மங்கல முடிவு அரை மணி நேரம் குறைவு. இரண்டின் கடைசிக் காட்சியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் செயலவையில் இதற்கே ஒரு கூட்டம் போட வேண்டியதாயிற்று. பொருளாளர், "குடும்பத்தோட வருவாங்க தம்பி, சாவு இல்லாம போடச் சொல்லுங்க" என்றார். இன்னொருவருக்கு வேறு கவலை. அந்த வாரமே அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம், மேடையில் பிணத்தைக் கிடத்தினால் பெண் வீட்டார் என்ன சொல்வார்கள்? இரண்டுமே நியாயமான கவலைகள்தாம், நான் தட்டிப் பேசவில்லை. கடைசியில் மகளிர் பகுதியில் இருக்கும் ஓர் அம்மா, வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர், "கதை எப்பிடி இருக்கோ அப்பிடியே போடச் சொல்லுங்க. நாங்க சாவு பாக்காதவங்களா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் முளைத்தது இல்லை. 1681லேயே நாஹும் டேட் என்ற கவிஞர் இதே காரணத்துக்காக இந்த நாடகத்தைத் திருத்தி எழுதினார். அவருடைய நாடகத்தில் கடைசி மகள் கார்டீலியா சாகவில்லை, எட்கர் என்ற பிரபு மகனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், லியருக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது, கூடவே வரும் கோமாளி கதையிலேயே இல்லை. சனங்களுக்கு அது பிடித்துப்போனது. ஏறக்குறைய 150 வருடம் ஆங்கில மேடையில் அதுதான் லியர். பெரிய அறிஞர் சாமுவேல் ஜான்சன் 1765ல் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்தபோது, கார்டீலியாவின் சாவு தன்னை அவ்வளவு உலுக்கிவிட்டதாகவும், பதிப்பு வேலைக்காகத் திரும்பவும் கையில் எடுக்கும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைப் படிக்கத் துணிந்தோமா என்றே தெரியவில்லை என்றும் எழுதினார். அவ்வளவு படித்தவருக்கே அப்படி என்றால் எங்கள் பொருளாளரை நான் எப்படிக் குறை சொல்வது? அப்புறம் 1823ல் எட்மண்ட் கீன் என்ற நடிகர் சோகமான முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார், ஓடவில்லை, மறுபடியும் பழையபடி மங்கல முடிவுக்கே போனார். 1838ல் மெக்ரெடி என்ற நடிகர் கோமாளியையும் சேர்த்துக் கொண்டுவந்தபோதுதான் அசல் நாடகம் மேடையில் மீண்டும் காலூன்றியது. ஒரு நாடகத்தின் முடிவைத் தாங்க முடியாமல் ஒரு நாடே அதை மாற்றி வைத்துக்கொண்டு, பல தலைமுறை கழித்து அதே முடிவுக்குத் திரும்பி வந்தது. இன்றைக்கு டேட் எழுதியதை அநேகமாக யாரும் நடிப்பதில்லை, யாராவது நடித்தாலும் பழைய விநோதமாகத்தான் பார்ப்பார்கள்.

விழா நாளில் சோகம் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. இந்த நாடகம் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பட்டது 1606 டிசம்பர் 26 அன்று, அதாவது கிறிஸ்மஸுக்கு மறுநாள். அரண்மனையில் பண்டிகைக் கொண்டாட்டம் நடக்கும்போதே அரசனுக்கு முன்னால் ஓர் அரசன் பைத்தியமாகி மகளின் பிணத்தைத் தூக்கி வருவதைக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, எங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒருவரின் உரையால் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, அது குழுவின் தவறில்லை. முதல் காட்சியிலேயே லியர் வரைபடத்தைத் தரையில் விரித்து நாட்டை மூன்றாகக் கிழிக்கிறார். நிஜமாகவே துணியைக் கிழித்தார்கள், அந்தச் சத்தம் ஒலிவாங்கி இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நிலத்தைப் பிரிப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன துண்டாடல் காலம் நினைவில் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன துன் சம்பந்தன் 1960ல் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலில் வீடும் வேலையும் போகாமல் இருக்கத்தான். வரைபடத்தில் கோடு போடுகிறவர் ஒருவர், அந்தக் கோட்டின் மேல் குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள். இதை விளக்கி ஒரு வசனம்கூட மேடையில் வரவில்லை, தேவையும் படவில்லை.

மூத்தவள் கானரிலும் அடுத்தவள் ரீகனும் அப்பாவைப் புகழ்ந்து பங்கு வாங்கிக்கொள்கிறார்கள். கார்டீலியா மட்டும், மகளுக்குள்ள கடமைப்படி அன்பு வைத்திருக்கிறேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிறாள். கோபம் தலைக்கேறிய லியர் அவளுக்குப் பங்கே இல்லை என்று விரட்டிவிடுகிறார், பிரான்சு மன்னன் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிப் போகிறான். இடைவேளையில் எங்கள் பெண்கள் பெரிய வாக்குவாதமே நடத்தினார்கள். "வயசான மனுசன், ஒரு வார்த்தை ஆசையா சொன்னா என்னா கொறைஞ்சி போயிருவா?" என்று பாதிப் பேர். "அப்பனா இருந்தா பிள்ளை மனசு தெரியணும்லா" என்று மீதிப் பேர். பாடப்புத்தகத்தில் கார்டீலியா நல்லவள், அக்காமார் கெட்டவர்கள் என்று எழுதி முடித்துவிடுவார்கள். நாடகம் அப்படி முடிக்க விடாது. நல்லவளும் பிடிவாதக்காரி, பாவப்பட்ட அப்பாவும் முதலில் கொடுமைக்காரர்தான், மற்ற இருவரும் சொல்லும் புகாரில்கூட ஆரம்பத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குடித்துக் கும்மாளமிடும் நூறு வீரர்களை வீட்டில் வைத்துக்கொள்ள யார்தான் சம்மதிப்பார்கள்?

அந்த நூறு வீரர் கணக்கு வரும் காட்சிதான் முதல் பாதியின் உச்சம். பதவியைக் கொடுத்துவிட்ட லியர் மூத்தவள் வீட்டில் ஒரு மாதம், அடுத்தவள் வீட்டில் ஒரு மாதம் என்று ஏற்பாடு செய்துகொள்கிறார், கூட நூறு வீரர்கள். ஒருத்தி ஐம்பது போதும் என்கிறாள். மற்றவள் இருபத்தைந்து. பிறகு பத்து எதற்கு, ஐந்து எதற்கு, கடைசியில் ஒன்றுதான் எதற்கு? இரண்டு மகள்களும் மேடையின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள், லியர் நடுவில் மாறி மாறி நடந்தார், ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் எடுத்து வைக்கும் அடி குறைந்துகொண்டே வந்தது. 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்து, மூத்தவனுக்கு வீட்டு முன்பணம், சின்னவளுக்குக் கல்யாணம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் சுங்கை பட்டாணியில், ஒரு மாதம் கிள்ளானில் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோர் எங்கள் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டாக வேண்டும், அதனால் பிள்ளை வீட்டைத் தவிர வேறு வழி இருக்காது. அவர்கள் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்ப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. ஆனால் மண்டபம் முழுக்க நாற்காலி இழுக்கும் சத்தம்கூட இல்லை.

புயல் காட்சியில் எனக்குத் திருப்தி இல்லை. இடி மழைச் சத்தத்தைப் பெட்டியில் இவ்வளவு சத்தமாகப் போட்டால் லியர் பேசுவது யாருக்குக் கேட்கும்? இந்த நாடகத்தை மேடையில் நடிக்கவே முடியாது என்று 1811ல் சார்ல்ஸ் லாம் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் எழுதினார். மேடையில் பார்த்தால் மகள்கள் மழையில் துரத்திவிட்ட ஒரு கிழவன் தடியூன்றித் தள்ளாடுவதுதான் தெரிகிறது, லியரின் மனத்துக்குள் அடிக்கும் புயல் தெரிவதில்லை என்பது அவர் கட்சி. எங்கள் குழு அவர் சொன்னதை நிரூபித்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, நடுவில் ஓர் இடத்தில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். குடிசைக்கு வெளியே நின்று லியர், வீடில்லாமல், பசித்த வயிற்றோடு, கந்தல் உடுத்தி இந்த மழையில் கிடப்பவர்களைப் பற்றி, நான் அரசனாக இருந்தபோது இவர்களை நினைக்கவே இல்லையே என்று சொல்லும் இடம். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அரசனுக்கு, கூரை பறிபோன பிறகுதான் கூரையில்லாதவர்கள் கண்ணில் படுகிறார்கள். அந்த நாலைந்து வரிக்காகவே புயல் காட்சியை மன்னிக்கலாம். மற்ற ஊர்களில் போடும்போது ஒலிக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, எங்கள் மண்டபத்தையே எழுப்பிய காட்சி. லியருக்கு உதவிய குற்றத்துக்காக கிளாஸ்டர் என்ற பிரபுவை, அவருடைய சொந்த வீட்டிலேயே நாற்காலியில் கட்டிவைத்து ரீகனின் கணவன் கார்ன்வால் கண்ணைப் பிடுங்குகிறான். ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணுக்குக் கை போகும்போது, அதுவரை ஓரத்தில் கைகட்டி நின்ற ஒரு வேலையாள் முன்னால் வருகிறான். சின்ன வயதிலிருந்து உங்களிடம் வேலை செய்கிறேன், இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய ஊழியம் நான் செய்ததே இல்லை என்று சொல்லிக் கத்தியை உருவுகிறான். நாடகத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது, முதல் வேலையாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு வசனம் இல்லை, அதற்குப் பிறகு உயிரோடு இருக்கப் போவதும் இல்லை. ரீகன் ஒரு வாளை எடுத்துப் பின்னாலிருந்து குத்திவிடுகிறாள். ஆனால் அவன் கொடுத்த காயத்தில்தான் கார்ன்வால் சாகிறான். பெரிய பிரபுக்களெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் நடக்கும் அநியாயத்தை எதிர்த்து முதலில் கத்தி தூக்குகிறவன் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு வேலைக்காரன்.

தோட்டத்துத் துரைக்கு முன்னால் தலை நிமிராமல் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு, அவர்கள் பிள்ளைகள் நாங்கள். அந்த வேலையாள் முன்னால் வந்தபோது பின்வரிசையில் ஒரு தாத்தா எழுந்தே நின்றுவிட்டார், யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. குழுவை நான் மனதாரப் பாராட்டுவது இதைத் தொடர்ந்து அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காக. 1608ல் அச்சான இந்த நாடகப் புத்தகத்தில், கிளாஸ்டரைத் துரத்திய பிறகு மிச்சமிருக்கும் இரண்டு வேலையாட்கள், ரத்தம் வழியும் முகத்துக்குப் பூசச் சணல் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டு வருகிறேன் என்று பேசிக்கொள்ளும் சின்னப் பகுதி இருக்கிறது. 1623ல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பில் அது இல்லை. பெரிய பெரிய இயக்குநர்கள்கூட வெட்டிவிடும் பகுதி அது. நம் குழு வைத்திருந்தது. இத்தனை கொடுமைக்கு நடுவில் முட்டை தேடிப் போகும் இரண்டு பேர். அதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன், முதலில் சொன்னதும் இதைப் பற்றித்தான்.

கார்டீலியா பிரான்சுப் படையோடு அப்பாவைத் தேடி வருகிறாள். தூங்கி எழுந்த லியர் அவளை அடையாளம் கண்டு, விஷம் கொடு, குடிக்கிறேன், உன் அக்காமாருக்கு என்மேல் கோபப்படக் காரணமில்லை, உனக்கு இருக்கிறது என்கிறார். ஒரு காரணமும் இல்லை, ஒரு காரணமும் இல்லை என்கிறாள் அவள். இந்த இடத்தில் திரை விழுந்திருந்தால் நல்ல குடும்பப் படம். ஆனால் அவர்கள் போரில் தோற்றுச் சிறைக்குப் போகிறார்கள். அவளைத் தூக்கிலிட உத்தரவு போன விஷயம் தெரிந்ததும், தெய்வங்கள் அவளைக் காக்கட்டும் என்று மூத்தவளின் கணவர் ஆல்பனி பிரபு சொல்கிறார். அடுத்த நொடி, லியர் அவள் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்த வேண்டுதலுக்கும் இந்தப் பிணத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சின்ன வசனம்தான்.

நாங்கள் அரிச்சந்திர நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய மயான காண்டம் பார்த்த கண்கள். அங்கேயும் பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கும், தாய் அழுவாள், சுடலையில் நிற்கும் அப்பன் காசு கேட்பான். ஆனால் கடைசியில் கடவுள் வருவார், லோகிதாசன் எழுவான், எல்லாம் சோதனை என்று சொல்லி அரசு திரும்பக் கிடைக்கும். லியர் கண்ணாடி கேட்டு அவள் மூச்சுப் படிகிறதா என்று பார்த்தபோது, இறகை வைத்து அசைகிறதா என்று பார்த்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சாமி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. "என்னய்யா இது, யாருமே வரலையே" என்று என்னிடமே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பாட்டி எதிர்பார்த்ததில் தவறில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையைச் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய பழைய வரலாற்றிலும், அதற்குப் பின் வந்த நூல்களிலும், ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னால் மேடையேறிய இன்னொரு லியர் நாடகத்திலும் அரசர் பிழைத்து அரசைத் திரும்பப் பெறுகிறார், கடைசி மகளும் அவரோடு இருக்கிறாள். லண்டன் மேடைக்கு முன்னால் நின்றவர்களில் பலர் அந்தக் கதையை அறிந்தவர்கள். அவர்களும் நம் பாட்டியைப் போலவே அவள் எழுவாள் என்றுதான் காத்திருந்திருப்பார்கள். தெரிந்த கதையின் தெரிந்த முடிவை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஷேக்ஸ்பியர் இதை வைத்தார். டேட் செய்தது ஷேக்ஸ்பியர் உதறித் தள்ளிய இடத்துக்கே திரும்பிப் போனதுதான்.

குழுத் தலைவர் அனுப்பிய மங்கல முடிவுக் காணொளியையும் பார்த்தேன். அதில் கார்டீலியா இருமிக்கொண்டு எழுகிறாள், இசை வருகிறது, மாலை போடுகிறார்கள், சனம் கைதட்டுகிறது. நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்ததும், அந்தக் கண் பிடுங்கும் காட்சி, மழையில் நின்ற காட்சி, செத்துப்போன வேலையாள் எல்லாமே ஒரு பெரிய பரிசுக்கு முன்னால் வைத்த தேர்வாக மாறிவிட்டது. கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்றால், அப்பா முதல் காட்சியில் மகளை விரட்டியது ஒரு சின்னக் கோபம்தான். அவள் திரும்பி வரமாட்டாள் என்றால்தான் அந்த ஒரு கோபத்தின் முழு எடையும் தெரியும். அசல் முடிவில் யாரும் நமக்குப் பாடம் சொல்வதில்லை. ஒரு நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்கும்போது உனக்கு மட்டும் ஏன் மூச்சு இல்லை என்று ஒரு கிழவர் கேட்கிறார், மேடையில் நிற்கும் யாருக்கும் பதில் தெரியவில்லை. நானூறு வருடமாக அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் இந்த நாடகத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நடிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்டீலியாவாகவும் கோமாளியாகவும் ஒரே பெண் நடித்தார். இருவரும் ஒரே காட்சியில் சேர்ந்து வருவதே இல்லை, அதனால் ஷேக்ஸ்பியர் காலத்திலேயே ஒருவரே இரண்டும் செய்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கடைசியில் லியர், என் பாவப்பட்ட கோமாளியைத் தூக்கில் போட்டுவிட்டார்களே என்று சொல்லும்போது கையில் கிடப்பது அதே முகம். அதைப் பார்க்கும்போது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. லியராக நடித்தவர் பெரிய குரல்காரர் இல்லை, முதல் காட்சியில் கோபம் போதவில்லை. ஆனால் சாவதற்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடச் சொல்லி, கழற்றியவருக்கு நன்றி ஐயா என்று சொன்னார் பாருங்கள், ஒரு காலத்தில் நாட்டையே கிழித்துக் கொடுத்தவர் அவர். அதோடு அவள் உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள் என்று சொல்லிச் சாகிறார். 1623 பதிப்பில்தான் அந்தக் கடைசி வரி இருக்கிறது. அவள் மூச்சு விடுவதாக நினைத்துச் சந்தோஷத்தில் செத்தாரா, இல்லை என்று தெரிந்தே செத்தாரா என்பதை நடிகர் முடிவு செய்யாமல் விட்டார், அது சரியான முடிவு.

அந்த இடத்தில் வயலின் போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தயவுசெய்து வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கிளாஸ்டரைக் காட்டிக்கொடுக்கும் மகன் எட்மண்டாக நடித்த தம்பி சினிமா வில்லன் மாதிரி புருவத்தை உயர்த்திக்கொண்டே இருந்தார். அந்தப் பாத்திரத்தின் கவர்ச்சியே அவன் நம்மிடம் நேராக, நியாயமாகப் பேசுவதில்தான் இருக்கிறது. வாள் சண்டை சுமார். இரண்டு ஒலிவாங்கிகள் பாதியில் கொரகொரவென்று இரைந்தன.

குழந்தைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். கண் பிடுங்கும் காட்சியில் ரத்தம் அதிகம் காட்டவில்லை, முதுகைத் திருப்பித்தான் செய்தார்கள், ஆனாலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களைத் தாராளமாகக் கூட்டி வரலாம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) இலக்கியம் எடுப்பவர்களுக்கு நாடகம் என்றால் என்னவென்று இரண்டரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

முன்பதிவு செய்யும்போது எந்த முடிவு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், கடைசி நேரத்தில் யாராவது போன் போட்டு மாற்றச் சொல்லிவிடுவார்கள். உரைகளை நாடகத்துக்கு முன்னால் வைக்காமல் இடைவேளையில் வையுங்கள், அதுவும் பத்து நிமிடத்துக்குள். அக்டோபர், நவம்பரில் திறந்தவெளி மேடை வேண்டாம், மழை பெய்தால் விளக்கு கட்ட மாட்டார்கள். தீபாவளி முடியும்வரை தேதி கிடைப்பது கஷ்டம் என்றார்கள், தைப்பூசம் கழிந்து கேட்டால் வார நாட்களில் விலையும் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள்.